பதினேழாவது ஆள்

ஏப்ரல் 2, ஞாயிறு

சுலோசனா இன்று ஒரு சோடிச் சப்பாத்து வாங்கி வந்தாள். காலில் போட்டு ஓடுவதற்கு, அடியில் முள் முளைத்த சப்பாத்து. நாற்பத்தாறு வயதில், மெல்பேர்ன் வைத்தியசாலை ஒன்றில் நாள் முழுக்க மற்றவர்களின் இரத்தத்தைக் குத்தி எடுக்கும் யாழ்ப்பாணத்துப் பெண், முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்ட பெண்களின் ஃபுட்டி அணியில், அதாவது ஆஸ்திரேலியக் கால்பந்து அணியில், சேர்ந்துவிட்டாள். அணியின் பெயர் வாட்டில் க்ரீக் கொக்குகள்.

ஏன் என்று கேட்டேன்.

"வீட்டில இருந்தா விசர் பிடிக்குதப்பா."

விசர் பிடிக்க வீட்டில் என்ன இருக்கிறது என்றேன். என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

ஏப்ரல் 5, புதன்

கூரைப் பீலியில் அடைந்திருந்த இலைகளை வழித்தேன். சுலோசனாவின் தம்பி போன் எடுத்து, விடுப்பு இன்னும் எவ்வளவு காலம் என்று கேட்டான். தேவையான காலம் என்றேன்.

விடுப்பு என்பதை இங்கே விளக்கிவிடுகிறேன். பத்தொன்பது வருடம் ஒரு பேருந்து நிறுவனத்தில் சாரதிகளின் முறைப்பட்டியல் தயாரித்தேன். யார் எந்த வழித்தடம், யார் எப்போது ஓய்வு, யாருக்குப் பதில் யார் என்பதெல்லாம் என் கையில். பேராதனையில் கணிதம் படித்தவன் செய்யக்கூடிய வேலை அல்ல, ஆனாலும் செய்தேன். இந்த மாசியில் மேலாளர் பதவி காலியானபோது அதை ப்ரெண்டனுக்குக் கொடுத்தார்கள். ப்ரெண்டனுக்கு முப்பத்தொரு வயது. சாரதிக்கும் சாப்பாட்டு நேரம் உண்டு என்பதை அவனுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். நான்கு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினேன். அதன் கடைசிப் பந்தியில், வேகத்தில், இராஜினாமா என்ற சொல் வந்தது. முதல் மூன்றேமுக்கால் பக்கத்தை யாரும் வாசிக்கவில்லை. கடைசிப் பந்தியை அன்றே ஏற்றுக்கொண்டார்கள்.

எனவே விடுப்பு.

ஏப்ரல் 23, ஞாயிறு

சுலோசனாவின் காரில் பிரேக் சத்தம் போடுவதால் என் காரில் கொண்டுபோய் விடவேண்டியதாயிற்று. வந்ததுதான் வந்தோம் என்று முழு ஆட்டத்தையும் பார்த்தேன்.

பந்து உருண்டை அல்ல. மைதானமும் வட்டம் அல்ல. இரண்டும் முட்டை வடிவம். இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் ஆறு புள்ளி. குறி தவறிப் பக்கத்துக் கம்பத்தின் இடைவெளியால் போனாலும் ஒரு புள்ளி கொடுக்கிறார்கள். பிழைவிட்டதற்குப் பரிசு கொடுக்கும் இன்னொரு விளையாட்டை நான் அறியேன். இந்த நாட்டில் ப்ரெண்டன் எப்படி மேலாளர் ஆனான் என்பது இன்று விளங்கியது. கம்பங்களின் நடுவில் வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்ட ஒருவர், இறைச்சிக்கடை முதலாளி மாதிரி, நாள் முழுக்க நிற்கிறார். ஆறு புள்ளி என்றால் இரண்டு சுட்டுவிரலையும் நீட்டுவார், ஒன்று என்றால் ஒரு விரல். அதுதான் அவருடைய முழு உத்தியோகம். பதவி உயர்வு பற்றிய கவலை அவருக்கு இருப்பதாகத் தெரியவில்லை.

இதையெல்லாம் மன்னிக்கலாம். ஆள் மாற்றுவதைத்தான் என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. இந்தப் பிரிவில் களத்தில் பதினாறு பேர், கோட்டுக்கு வெளியே வாங்கில் உட்கார்ந்தபடி ஆறு பேர். எப்போது வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் மாற்றலாம். நடுவரைக் கேட்கத் தேவையில்லை. கோட்டோரம் இரண்டு செம்மஞ்சள் கூம்புகள் வைத்திருக்கிறார்கள். அதற்கிடையால் ஒருத்தி வெளியே வந்தபிறகுதான் மற்றவள் உள்ளே போகலாம். இவ்வளவு அருமையான ஏற்பாட்டை வைத்துக்கொண்டு இந்தப் பெண்கள் என்ன செய்கிறார்கள்? களைத்தவள் தலையில் கை வைக்கிறாள், ஓடி வருகிறாள், வாங்கில் இருப்பவளின் உள்ளங்கையில் ஒரு தட்டுத் தட்டுகிறாள், அவள் போகிறாள். கோயில் திருவிழாவில் வடம் பிடிப்பதுபோல. நேரம் இல்லை, வரிசை இல்லை, கணக்கு இல்லை.

பயிற்றுநர் டெப் என்ற பெண்மணி. குழாய் வேலை செய்பவர். தோள் கதவளவு அகலம். அவரிடம் போய், நீங்கள் செய்வது மாற்றம் அல்ல, கசிவு என்றேன். ஒரு மணி நேரத்தில் ஒவ்வொருத்தியும் எத்தனை நிமிடம் ஓடினாள் என்று உங்களால் சொல்லமுடியுமா என்று கேட்டேன். டெப் சுலோசனாவைப் பார்த்தார். சுலோசனா டெப்பைப் பார்த்தாள். பிறகு டெப் ஒரு வெள்ளைப் பலகையும், பெயர் ஒட்டிய காந்தத் துண்டுகளும், ஒரு நிறுத்தற் கடிகாரமும் கொண்டுவந்து என் மடியில் வைத்து, இனி வாங்கு உன் பொறுப்பு கென் என்றார்.

என் பெயர் கனகேஸ்வரன். ஆனாலும் திறமையைக் கண்டவுடன் அடையாளம் தெரியும் ஒருவராவது இந்த நாட்டில் இருக்கிறார்.

ஏப்ரல் 26, புதன்

முறை தயாராகிவிட்டது. ஓடும் நிலைக்காரிகளுக்கு ஏழு நிமிடம், பின்காவலுக்குப் பதினொன்று. வயது, முழங்கால், உடல் எடை மூன்றுக்கும் திருத்தம் உண்டு. எடையை எங்கே எடுத்தேன் என்று சுலோசனா கேட்டாள். மதிப்பிட்டேன் என்றேன். அதை அங்கே சொல்லவேண்டாம் என்றாள்.

மே 14, ஞாயிறு

இன்று க்ளென்வேல் அணியுடன் ஆட்டம். தூய வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள், ஏதோ தேவாலயத்தில் முதல் நன்மை வாங்க வந்தவர்கள் மாதிரி. அவர்களின் வாங்கில் பலகையோடு உட்கார்ந்திருந்தது யார்? இரத்தினவேல்.

இந்த நாட்குறிப்பில் அவன் பெயர் முன்பும் வந்திருக்கும். பேராதனையில் இறுதிப் பரீட்சைக்கு முன் என் நிகழ்தகவுக் குறிப்புகளை இரண்டு நாள் இரவல் வாங்கிப் போனவன். அவனுக்கு முதல் வகுப்பு. எனக்கு இரண்டாம் வகுப்பின் மேற்பிரிவு. என் குறிப்பு, அவன் வகுப்பு. இப்போது பொறியியல் கம்பனி ஒன்றில் ஏதோ பணிப்பாளர். மகள் க்ளென்வேலில் சிறுவர் அணியில் ஆடினாளாம். அப்படியே இவனையும் உள்ளே இழுத்துவிட்டார்களாம்.

"டேய் கனா! நீயும் இஞ்சையோ மச்சான்?" என்று கட்டிப்பிடித்தான். "வேலை எப்பிடிப் போகுது?"

விடுப்பு என்றேன்.

இடைவேளையில் வடை கொண்டுவந்து தந்தான். அவன் மனைவி சுட்டதாம். வடை நன்றாக இருந்தது என்பதை நேர்மைக்காகப் பதிகிறேன். தின்றுகொண்டே ஒரு கதை சொன்னான். போன வருடம் எதிரணியில் ஒருத்தி அவசரத்தில் கூம்புக்கு வெளியால் உள்ளே புகுந்துவிட்டாளாம். களத்தில் பதினேழு பேர். க்ளென்வேல் தலைவி நடுவரிடம் எண்ணச் சொல்லிக் கேட்டாளாம். அப்படிக் கேட்டால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தி எல்லாரையும் வரிசையில் நிறுத்தி எண்ணவேண்டும். ஓர் ஆள் கூடினாலும் அதுவரை எடுத்த புள்ளி முழுவதும் பூச்சியம்.

"முழுதும் அழிச்சுப்போட்டாங்கள் மச்சான். கரும்பலகையைத் துடைச்ச மாதிரி." பிறகு விரலை ஆட்டினான். "ஆனா சரியா இருந்து சும்மா கேட்டியோ, பந்தைத் தூக்கி உன்ர கோல் வாசல்ல வைச்சு அவங்களிட்டக் குடுத்திடுவாங்கள். கேக்கிறவன் எண்ணத் தெரிஞ்சவனா இருக்கவேணும்."

எண்ணத் தெரிந்தவன். என்னைப் பார்த்துச் சொன்னான்.

பதினொரு புள்ளியால் தோற்றோம்.

மே 16, செவ்வாய்

யாரோ கைப்பேசியில் எடுத்த காணொளியை டெப் எல்லாருக்கும் அனுப்பியிருந்தார். நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஓரிடத்தில், மங்கலாக, க்ளென்வேல்காரர் பதினேழு பேர். தெளிவாக எண்ணினேன். டெப்புக்கு அனுப்பினேன். கம்பத்துக்குப் பக்கத்தில் நிற்பதும் ஆளா என்று பதில் போட்டார். ஆள் இல்லாமல் கொக்கா?

இரத்தினவேல் ஏன் அந்தக் கதையை வலிய வந்து சொன்னான் என்று இப்போது விளங்குகிறது.

ஜூன் 4, ஞாயிறு

வென்றோம். தொடர்ந்து மூன்றாவது வெற்றி. முறை வேலை செய்கிறது.

முழுமையாக வேலை செய்கிறது என்று சொல்லமாட்டேன். நான் பெயர் கூப்பிட்டால் சிலருக்குக் காது கேட்பதில்லை. மார்கரெட்டை ஏழு நிமிடத்தில் வெளியே வரச் சொன்னேன். கையை ஆட்டிவிட்டு ஓடிக்கொண்டே இருந்தார், வணக்கம் சொல்வதாக நினைத்துக்கொண்டார் போலும். என் சொல்லை எழுத்துப்படி கேட்பவர் ஒருவர்தான்: ஹொங். வியட்நாம்காரி, ரயில் நிலையத்தடியில் பாணும் பன்னும் சுட்டு விற்கும் கடை வைத்திருக்கிறார். நான் சொல்லாமல் வாங்கை விட்டு எழும்பமாட்டார், நான் சொல்லாமல் களத்தை விட்டு வரமாட்டார். ஒருநாள் மூச்சு வாங்கி முகம் கறுத்துப்போயும் நான் கை காட்டும்வரை நின்றார். பதினாறு ஹொங் இருந்தால் வெற்றிக்கிண்ணம் எப்போதோ வந்திருக்கும்.

அணியின் சட்டைகளைத் தோய்க்கும் முறை இந்த வாரம் எங்கள் வீட்டுக்கு. சுலோசனா வேலைக்குப் போனதால் நானே போட்டேன். சேறு போக இரண்டு தரம் சுற்றவேண்டியிருந்தது.

ஜூன் 17, சனி

குமரதாசன் வீட்டுக் கலியாணம். சுலோசனா மாம்பழ நிறக் கூறைப்பட்டு உடுத்தாள். ப்ளவுஸ் கைக்குக் கீழே முழங்கைவரை நாவற்பழ நிறத்தில் ஒரு கண்டல். போன ஞாயிறு ஆட்டத்தில் எதிரணித் தபால்காரி ஒருத்தி அவளைக் கட்டிப் பிடித்து விழுத்தியதில் வந்தது. கழுத்தடியிலும் ஒரு கீறல்.

சபையில் இருந்த பெண்கள் அந்தக் கையைப் பார்த்தார்கள். பிறகு ஒன்றுசேர என்னைப் பார்த்தார்கள்.

ஒரு மாமி சுலோசனாவைத் தூணடிக்குக் கூட்டிப்போய் மெல்லிய குரலில், "பிள்ளை, அவருக்கு வேலையும் போட்டுதாம், மனுசனுக்கு விரக்தி வரும்தான், எண்டாலும் நீ பொறுத்துக்கொண்டு இருக்கக்கூடாது" என்றாராம். சுலோசனா விழுந்து விழுந்து சிரித்தாளாம். சிரித்ததை மாமி அழுகை என்று எடுத்துக்கொண்டு அவளை அணைத்துக்கொண்டாராம். சாப்பாட்டு மேசையில் எனக்குப் பாயசம் வைக்கவந்தவர் வைக்காமலே போனார். கடைசியில் இரத்தினவேல்தான் மண்டபம் முழுக்கக் கேட்க, சுலோ அக்கா ஃபுட்டி ஆடுறா, எங்கட ஆளுகளையே விழுத்தினவ என்று அறிவித்து என் மானத்தைக் காப்பாற்றினான்.

அவனுக்கு இதையும் சேர்த்துக் கடன்பட்டிருக்கிறேன் என்பதுதான் பொறுக்கமுடியாதது.

ஜூன் 29, வியாழன்

ப்ரெண்டன் அழைத்தான். எடுக்கவில்லை. குரல் பதிவு விட்டிருக்கிறான்: யாராவது வராத நாட்களுக்குப் பதிலாளாக, வாரத்தில் சில நாள், முறைப்பட்டியல் வேலை இருக்கிறதாம், யோசித்துச் சொல்லட்டாம். பதிலாள்! நான்!

சுலோசனா சனிக்கிழமைகளிலும் வேலைக்குப் போகிறாள். அந்த வேலை அவளுக்குப் பிடித்திருக்கிறது போலும்.

ஜூலை 16, ஞாயிறு

அடைமழை. பலகை நனைந்து, காந்தத் துண்டுகள் முழுவதும் சேற்றுக்குள் விழுந்துவிட்டன. பொறுக்கி எடுத்துத் துடைத்து முடிப்பதற்குள் ஒரு கால்பகுதி ஆட்டம் முடிந்துவிட்டது. அந்த நேரம் முழுக்க நான் ஒரு பெயரும் கூப்பிடவில்லை. ஆனால் மாற்றம் ஒரு குறையும் இல்லாமல் நடந்தது. கை தட்டினார்கள், போனார்கள், வந்தார்கள். ஹொங் மட்டும் வாங்கிலேயே இருந்தார். நான்கு கோல் அடித்தோம்.

இதைப் பற்றி நிறைய யோசித்தேன். ஒரே ஒரு விளக்கம்தான் பொருந்துகிறது: என் முறை அவர்களின் இரத்தத்தில் ஊறிவிட்டது.

சுலோசனாவிடம் சொன்னேன். "ஓமப்பா, அப்பிடித்தான் இருக்கும்" என்று குளிக்கப் போனாள்.

ஜூலை 18, செவ்வாய்

ப்ரெண்டன். எடுக்கவில்லை.

ஆகஸ்ட் 20, ஞாயிறு

அரையிறுதியில் வென்றோம். இறுதியாட்டம் க்ளென்வேலுடன்.

எங்கள் தலைவிக்கு முழங்கால் திரும்பிவிட்டது. டெப் சுலோசனாவைத் தலைவி ஆக்கியிருக்கிறார். வீட்டுக்கு வந்து கோழிக்கறி வைத்தாள். நான் வெங்காயம் உரித்தேன். ஏதோ பாடிக்கொண்டே வைத்தாள். அவள் பாடி எத்தனை காலம்.

கிண்ணம் கிடைத்தால் அதையும் பலகையையும் சேர்த்து ஒரு படம் எடுத்து ப்ரெண்டனுக்கு அனுப்புவதாக இருக்கிறேன். கீழே ஒரு வரியும் எழுதமாட்டேன். அவனுக்கு விளங்கும்.

அதைச் சுலோசனாவிடம் சொன்னேன். அகப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"கிண்ணம் வந்தா அவனுக்குப் படம் அனுப்புவியள். வராட்டி?"

"வரும்."

"நான் கேட்டது அதில்லை. ஞாயித்துக்கிழமைக்குப் பிறகு திங்கட்கிழமை வருமெல்லோ. அண்டைக்கு என்ன செய்யப் போறியள்?"

கறி அடிப்பிடிக்கிறது என்றேன். பிடித்துத்தான் இருந்தது.

செப்ரெம்பர் 3, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். மற்றவர்கள் வேறுமாதிரிச் சொல்வார்கள்.

கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது நாங்கள் நான்கு புள்ளி முன்னால். வெயில் சாய்ந்து எங்கள் கோல் கம்பங்களுக்குப் பின்னால் நின்று கண்ணைக் குத்தியது. க்ளென்வேல்காரரின் வெள்ளைச் சட்டை வெயிலில் ஒன்றோடொன்று கரைந்தது. எல்லாரும் எங்கள் கோல் பக்கமாக, தூரத்தில், திரண்டு நின்றார்கள். சும்மா ஒரு எண்ணு எண்ணினேன். பதினேழு.

திரும்ப எண்ணினேன். ஓடுகிறவர்களை எண்ணுவது சுலபம் அல்ல; பத்து பன்னிரண்டில் ஒருத்தி மற்றவளுக்குப் பின்னால் போய்விடுவாள், திரும்ப ஒன்றிலிருந்து தொடங்கவேண்டும். இதற்கிடையில் மார்கரெட் கணுக்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்து, ஹொங்கின் உள்ளங்கையில் தட்டிவிட்டு வாங்கில் சரிந்தார். அதைக் கவனித்தேன். ஆனால் அப்போது நான் பதின்மூன்றாவது ஆளில் இருந்தேன், விடமுடியவில்லை. ஹொங் இரண்டு தரம் "கென்?" என்றார். பொறுங்கள் என்று கை காட்டினேன். பதினேழு. மூன்றாம் தரமும் பதினேழு.

என் வாழ்க்கையில் எனக்கு இப்படி ஒரு கணம் தரப்பட்டதில்லை. அந்தப் பக்கத்து வாங்கில், காலுக்கு மேல் கால் போட்டுக்கொண்டு, இரத்தினவேல். அவன் எடுத்த புள்ளி எல்லாம், முதல் வகுப்பு உட்பட, ஒரு விரலால் அழியப் போகிறது.

யாரோ விழுந்து ஆட்டம் சற்று நின்றது. சுலோசனா கோட்டருகே தண்ணீர் குடிக்க வந்தாள். தலையெல்லாம் சேறு. தமிழில் சொன்னேன்:

"சுலோ, அவங்கள் பதினேழு பேர். எண்ணக் கேளும்."

"நாங்கள் முன்னுக்குத்தானே நிக்கிறம். இன்னும் கொஞ்ச நேரம்தானப்பா."

"அதில்லை. அவங்கட முழுப் புள்ளியும் போகும். ஒண்டும் மிஞ்சாது."

அந்த மைதானத்தில் தமிழ் விளங்கக்கூடிய இன்னொருவன் இருந்தான். எழும்பி நின்று தன் ஆட்களை விரலால் எண்ணுவதைக் கண்டேன். பிறகு எங்களிடம் வந்தான். முகத்தில் சிரிப்பு இல்லை.

"மச்சான், வேண்டாம்டா. நான் எண்ணிப்போட்டன். பதினாறுதான். கேட்டியெண்டா உங்களுக்குத்தான் நட்டம்."

கேட்காதே என்று கெஞ்சுகிறவன் ஏன் கெஞ்சுகிறான்? பிடிபடப் போகிறவன்தான் கெஞ்சுவான். சுலோசனாவைப் பார்த்தேன்.

"வடிவா எண்ணினியளோ?" என்றாள்.

"மூண்டு தரம்."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தண்ணீர்ப் போத்தலை என் கையில் தந்துவிட்டு, களத்துக்குள் போய், நடுவரை நோக்கிக் கையை உயர்த்தினாள்.

விசில். இரண்டு அணியும் நடுவில் இரண்டு வரிசையாக நின்றன. நடுவர் இளம் பெண். க்ளென்வேல் வரிசையோரம் நடந்து ஒவ்வொருத்தியின் தோளிலும் தொட்டு வாய்விட்டு எண்ணினாள். பதினாலு. பதினைந்து. பதினாறு. அதற்குமேல் தொட அவளுக்குத் தோள் இல்லை.

நான் க்ளென்வேல் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் எங்கள் வரிசையைப் பார்க்கப் பிந்திவிட்டது. அது குட்டையாக இருந்தது. எண்ணத் தேவையே இல்லை. பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். க்ளென்வேலின் கடைசி ஆளுக்கு எதிரே எங்கள் பக்கம் வெறும் புல்.

"கென்," என்று என் முழங்கையடியில் ஒரு குரல். ஹொங். மார்கரெட் தட்டிய உள்ளங்கையை இன்னும் விரித்தபடி, ஒரு காலைக் கோட்டில் வைத்தபடி நின்றார். தான் இப்போது போகலாமா என்று மரியாதையாகக் கேட்டார்.

ஆள் குறைவாக ஆடுவது குற்றம் அல்லவாம். சும்மா எண்ணக் கேட்டதுதான் குற்றம். பந்தை எங்கள் கோல் வாசலுக்குக் கொண்டுபோய் அவர்களின் நெட்டைக்காரி ஒருத்தியிடம் கொடுத்தார்கள். என் அம்மாவாலும் உதைத்திருக்கக்கூடிய தூரம். உதைத்தாள். கம்பங்களுக்கு நடுவிலிருந்து வெள்ளைக் கோட்டுக்காரர் ஓரடி முன்னால் வந்து, இரண்டு சுட்டுவிரலையும் நீட்டினார்.

அப்போதுதான் அவர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டை நான் சரியாகப் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஆட்டம் முடியும் சங்கு ஊதியது. இரண்டு புள்ளியால் தோற்றோம்.

கார் ஓட்டியது சுலோசனா. மூன்றாவது விளக்குச் சந்தியில் அவளுடைய தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து, மூச்சுவிடமுடியாமல் சிரித்தாள். "கோல் அம்பயர்!" என்றாள். "அந்தக் கிழவரை எண்ணியிருக்கிறியள்!" கண்ணைத் துடைத்துவிட்டுத் திரும்பச் சிரித்தாள். பிறகு சிரிப்பு ஓய்ந்தது. விளக்கு இரண்டு தரம் பச்சையாகியும் அவள் காரை எடுக்கவில்லை.

"வேற என்னத்தில எண்டாலும் பிழைவிடுவியள் எண்டு எனக்குத் தெரியும்," என்றாள். "எண்ணுறதில பிழைவிட மாட்டியள் எண்டு நினைச்சன்."

செப்ரெம்பர் 4, திங்கள்

தோல்விக்குக் காரணங்கள்: வெயிலின் கோணம். கோல் நடுவர்கள் வெள்ளை உடுப்பது. க்ளென்வேல்காரர் வெள்ளை உடுப்பது. இந்த இரண்டையும் ஒரே மைதானத்தில் அனுமதித்த சங்கம்.

சுலோசனா காலையில் வேலைக்குப் போகும்போது சட்டைகளைத் தோய்க்கச் சொல்லிவிட்டுப் போனாள். மூட்டையைக் கொட்டிப் பிரித்தேன். எல்லாம் சேறு, ஒன்றில் இரத்தமும் இருந்தது. ஒன்று மட்டும் மடிப்புக் கலையாமல், கடையில் வாங்கியதுபோல் இருந்தது. முதுகில் எண் 31. ஹொங்கினது. இறுதியாட்டத்தில் அவர் மொத்தமாக எவ்வளவு நேரம் ஓடினார் என்று யோசித்துப் பார்த்தேன். பிறகு யோசிப்பதை நிறுத்திவிட்டு, அதையும் போட்டுத் தோய்த்தேன்.

செப்ரெம்பர் 5, செவ்வாய்

டெப்புக்கு ஒரு கடிதம் எழுதினேன். இரண்டு பக்கம்தான். வாங்குப் பொறுப்பிலிருந்து விலகுவதாக முதல் வரியிலேயே போட்டேன், தேடவேண்டியிராமல். சட்டைகளோடு கொண்டுபோய்க் கொடுத்தேன். டெப் ஒரு வீட்டின் கீழே குழாய்க்குள் கையை விட்டுக்கொண்டு கிடந்தார். மல்லாந்தபடியே முழுவதையும் வாசித்தார். இரண்டு பக்கத்தையும். பிறகு அதை நாலாக மடித்து, ஒழுகிக்கொண்டிருந்த மூட்டுக்குக் கீழே வைத்தார்.

அடுத்த பருவம் மார்ச்சில் தொடங்குகிறது என்றார். பலகை தேவையில்லை, நீ வந்தால் போதும், உன்னைத் திட்டிக்கொண்டே ஓடினால் இவர்களுக்குக் களைப்புத் தெரிவதில்லை என்றார். ஆனால் ஹொங்கிடம் போய், களைத்தால் வரலாம், தட்டினால் போகலாம் என்று நீயே சொல்லிவிடு, அவர் ஒருவர்தான் நீ சொல்வதைக் கேட்டார் என்றார்.

அவர் ஒருவர்தான் என்பதை டெப் இன்னொரு தரம் சொன்னார்.

வரும் வழியில் ரயில் நிலையத்தடியில் இறங்கி, பாண் கடைக்குப் போனேன். சொன்னேன். ஹொங் நான் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்து, தலையாட்டி, இரண்டு பன்னைப் பையில் போட்டுத் தந்தார். காசு வாங்கமாட்டேன் என்றார். சண்டை பிடித்துக் கொடுத்தேன்.

செப்ரெம்பர் 6, புதன்

ப்ரெண்டனுக்குப் போன் எடுத்தேன். ஏன் எடுத்தேன் என்று எழுதப் போவதில்லை.

முதலில் நலம் விசாரித்தான். பிறகு, அவனுக்கே உரிய விதத்தில், ஒரு மூச்சில் புலம்பினான்: பக்கத்துப் பணிமனைக்குத் தேவைக்கு மேல் சாரதிகள் இருக்கிறார்களாம், அங்கே எத்தனை பேர் சும்மா இருக்கிறார்கள் என்று தன்னிடம் கணக்கு இருக்கிறதாம், மேலிடத்துக்கு முறையிடப் போகிறானாம். உன் பக்கத்தில் இன்றைக்கு எத்தனை பேர் என்று கேட்டேன். கடதாசி புரட்டும் சத்தம் கேட்டது. கனநேரம் கேட்டது.

முதலில் அதை எண்ணு என்றேன்.

சனிக்கிழமை காலை முறைக்கு வரமுடியுமா என்று கேட்டான். பதிலாளாகத்தானே என்றேன். ஓம், பதிலாளாகத்தான் என்றான். குரலில் வெட்கம் இருந்தது. அவனை நான் மோசமாகப் பழக்கவில்லை. வருகிறேன் என்றேன்.

சுலோசனா வந்தபோது சப்பாத்துகளைக் கழுவி வெயிலில் வைத்திருந்தேன். சனிக்கிழமை நான் நாலரைக்கு எழும்பவேண்டும் என்றேன். ஏன் என்று கேட்கவில்லை. கைப்பையை மேசையில் வைத்தாள், ஒரு கதிரையை இழுத்து அதில் சரிந்தாள், ஒரு கையை உச்சந்தலையில் வைத்தாள்.

"அப்ப சனிக்கிழமை நான் வெளிய வாறன்," என்றாள். "நீங்கள் உள்ள போங்கோ."

மற்றக் கையை விரித்து நீட்டினாள். என் உள்ளங்கையைக் கொடுத்தேன். தட்டினாள், தேவைக்கு அதிகமான பலத்தோடு தட்டினாள் என்பதைப் பதிந்துவைக்கிறேன்.